அத்தையின் பெஞ்சு

மூன்று பிள்ளைகளுக்கு ஆறு காலுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஆறும் ஒன்றாகக் கையில் கிடைத்ததாகச் சரித்திரமே கிடையாது. அத்தை கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைக்குட்டியின் காலை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அது இரண்டாவது பிள்ளை நடுவானின் தலையில் இருந்தது. தொப்பியாம். பெரியவள் சோபாவின் முதுகில் ஏறி நின்று, எந்தப் பக்கம் குதித்தால் நிறையச் சத்தம் வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். மற்ற ஞாயிறாக இருந்தால் அத்தை இதற்குள் பல்லைக் கடித்திருப்பாள். இன்று கடிக்கவில்லை. “கண்ணு, ராசா, அதைக் கொடுத்துடுடா” என்று கெஞ்சினாள். நடுவான் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அத்தைக்கு உடம்பு ஏதும் சரியில்லையோ என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அத்தை என்றால் இந்த மூன்றுக்கு மட்டும் அத்தை இல்லை. சபையில் பாதிப் பேருக்கு அவள் அத்தைதான். பல் போன கிழவர் ஒருவர்கூட “அத்தை, அந்த ஃபேனைக் கொஞ்சம் தட்டி விடுங்க” என்பார். ஒருவனுக்கு மனைவி, ஒரு பிள்ளைக்கு அம்மா என்று நடுவில் எந்தப் படியிலும் நிற்காமல் நேராக அத்தையாகிவிட்டவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நடுவான் பிறந்ததும் “வீட்டிலேயே இவ்வளவு வேலை கிடக்கு, வெளியே எதுக்கு?” என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள், அதோடு அது போயிற்று. அன்றிலிருந்து அவளுடைய உலகம் அண்ணன் வீட்டுச் சமையலறைக்கும், அந்த மூன்று பிள்ளைகளோடு அவள் படுத்துக்கொள்ளும் நடை அறைக்கும் நடுவில் சுருங்கிவிட்டது. அந்த அறைக்குக் கதவு கிடையாது. திரைதான். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் திரையை விலக்கி எதையாவது கேட்கலாம்.

இப்போது ஒரு கதவு வருகிற மாதிரி இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற ஒருவர். மனைவி தவறி இரண்டு வருடம் ஆகிறது, ஐந்து வயதில் ஒரே பெண். சொந்த வீடு, சின்ன வீடுதான், கீழே கடை, மாடியில் குடித்தனம். பாஸ்டரம்மாதான் பேச்சை எடுத்துவந்தாள்.

“அவருக்கு போட்டோ எல்லாம் வேண்டாமாம்மா. பேசிப் பார்க்கவும் வேண்டாமாம். ‘பிள்ளைங்களை எப்படி வச்சுக்கிறாங்கன்னு கண்ணால பார்த்தா போதும்’னுட்டார். இந்த ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வந்து பின்னாடி உட்காருவார். நீ எதையும் மாத்திக்க வேண்டாம். எப்பவும் போல இரு.”

எப்பவும் போல இருப்பதில்தான் வம்பே இருந்தது.

இதை மூடி மறைத்துப் பிரயோசனம் இல்லை, சொல்லிவிடுகிறேன். அத்தை கிள்ளுவாள். அடிக்க மாட்டாள், அடித்தால் சத்தம் வரும். தொடையின் உட்பக்கம், உடுப்பு மூடுகிற இடம். பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொள்வாள், அதன் அடியில் கை போகும். சதையைக் கொஞ்சமாகப் பிடித்து ஒரு திருகு. முகம் பீடத்தைப் பார்த்துச் சிரித்தபடி இருக்கும், வாய் பாட்டை விடாது. சட்டம் ஒன்றுதான்: சத்தம் போட்டால் இன்னொன்று. அந்தச் சட்டம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகச் சில மாதங்கள் பிடித்தன. ஆன பிறகு, வீட்டில் கூரையைப் பிய்க்கிற அந்த மூன்றும் அத்தையின் பெஞ்சில் பொம்மை போல உட்கார ஆரம்பித்தன. சபையே மெச்சியது. பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டி ஆட்டி ஓய்ந்துபோன தாய்மார்கள் வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டு, “எப்படி அத்தை? என்ன மந்திரம் அது?” என்று கேட்பார்கள். “அன்பா சொன்னா கேட்பாங்க” என்பாள் அத்தை. கண்ணைக்கூட இமைக்காமல் சொல்வாள்.

அவள் பிறக்கும்போதே அப்படிப் பிறந்துவிடவில்லை. அண்ணி பாடகர் குழுவில் முன்வரிசை. குரல் தேன், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒருநாள் அவள் தனியாகப் பாடிக்கொண்டிருந்தபோது நடுவான் அத்தையின் கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் மைக்கின் வயரைப் பிடித்து இழுத்துவிட்டான். தேன் பாதியில் நின்றது. நாலு பேர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து சாப்பாடு பரிமாறும்போது அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. “வாரத்துல ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். அதைக்கூட உன்னால செய்ய முடியலைன்னா, சும்மா உட்கார்ந்து சாப்பிட இது என்ன சத்திரமா?” என்றாள். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக். பேச வேண்டியதையெல்லாம் எஞ்சின்களோடு பேசி முடித்துவிட்டு வருகிறவர். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஞாயிறுதான் அத்தையின் கை முதல்முறையாகப் பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் போனது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் இறங்கியது. அதற்கப்புறம், வாரம் முழுக்க அண்ணி வாயிலிருந்து உதிர்ந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஞாயிற்றுக்கிழமை பதில் போயிற்று, அண்ணிக்கு வலிக்காத இடத்தில். உண்மையைச் சொன்னால், அது அத்தைக்குக் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. இனிக்கிறது என்று தெரிந்த அன்று அவள் தன்னையே பயந்து பார்த்தாள். ஆனால் நிறுத்தவில்லை.

இன்றைக்கு நிறுத்தினாள். கண்ணாடிக்காரர் பார்க்க வருவது அவளுடைய கையைத்தான். பிள்ளைகள் எப்படிப் போனாலும் சரி, இன்று இந்தக் கை ஒருத்தர் மேலும் படாது என்று விடியற்காலையிலேயே தன்னிடம் கறாராகச் சொல்லிவைத்திருந்தாள். இந்த இடம் தவறிப்போனால் இன்னொன்று வராது. அவளுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும்.

அண்ணி கிளம்பும்போது மூன்று பிள்ளைகளின் பையிலும் மிட்டாயைத் திணித்தாள், கைநிறைய. கோயிலுக்குள் மிட்டாய் கூடாது என்று மற்ற வாரங்களில் கண்டிப்பாகச் சொல்கிறவளும் அவள்தான். பெரியவளைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். பிறகு அத்தையின் புடவை மடிப்பைச் சரிசெய்வது போலக் குனிந்து, “நல்லபடியா நடக்கட்டும்” என்றாள். “நீ போயிட்டா நான் குழுவை விட்டுட்டு இதுங்க பின்னாடி ஓடணும், அவ்வளவுதானே? ஓடிட்டுப் போறேன். என் தலையெழுத்து.” அவ்வளவு அன்பாகச் சொன்னாள்.

கோயிலில் அத்தையின் பெஞ்சு பின்னாலிருந்து நான்காவது. நடைபாதை ஓரத்தில் பெரியவள், அடுத்து நடுவான், பிறகு அத்தை, அத்தைக்கு வலப்பக்கம் சுவரோரமாகக் கடைக்குட்டி. மூன்று வயசு, கால் ஒரு இடத்தில் நிற்காது, அதனால் அவள் எப்போதும் வலக்கைக்கு வாகாக உட்கார வேண்டும். அத்தை உட்கார்ந்ததும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், திரும்பிப் பார்த்தாள். நடைபாதைக்கு அந்தப் பக்கம், ஒரு வரிசை பின்னால், அவர். இஸ்திரி கலையாத சட்டை, பளபளவென்று துடைத்த கண்ணாடி. அவளைப் பார்த்து மெதுவாகத் தலையை அசைத்தார். பக்கத்தில் அந்தப் பெண். இறுக்கிப் பின்னிய தலை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, இரண்டும் ஒரே உயரத்தில். கைகளை மடியில் கோத்துக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்திருந்தாள். அத்தைக்கு மனசு இளகிப்போயிற்று. தாயில்லாப் பிள்ளை, எவ்வளவு சமர்த்து என்று நினைத்தாள்.

முதல் பாட்டு முடிவதற்குள் கடைக்குட்டி முன்பெஞ்சுக்காரியின் கூந்தலை ஊதத் தொடங்கினாள். ஊதினால் முடி பறந்தது, பறந்தால் சிரிப்பு வந்தது. “கண்ணு, வேண்டாம்மா” என்றாள் அத்தை. கடைக்குட்டி சட்டென்று நிறுத்திவிட்டு, வழக்கப்படி தொடைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ஓரக்கண்ணால் அத்தையின் கையைப் பார்த்தாள். கை பாட்டுப் புத்தகத்தின் மேல் இருந்தது. மறுபடி ஊதினாள். நடுவான் இதை உன்னிப்பாகக் கவனித்துக்கொண்டிருந்தான். சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் மிட்டாய்த் தாளைச் சரசரவென்று பிரித்தான். ஒன்றும் வரவில்லை. இரண்டாவதைப் பிரித்தான். அப்புறம் என்ன, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகள்தான். ஒரு மிட்டாய் கீழே விழுந்து, சாய்வான தரையில் கடகடவென்று முன்வரிசை வரைக்கும் உருண்டது. போதகர் படித்துக்கொண்டிருந்த வேத வசனத்தை ஒரு கணம் நிறுத்திவிட்டு, பிறகு தொடர்ந்தார்.

அத்தை சிரித்தபடியே வியர்த்தாள். குனிந்து, கெஞ்சி, காதில் முத்தம் கொடுத்து, கையில் கைக்குட்டையைக் கொடுத்து முயல் செய்யச் சொல்லி, அன்பு என்று உலகத்தார் எதையெல்லாம் சொல்கிறார்களோ அதையெல்லாம் வரிசையாகச் செய்து பார்த்தாள். வாசலில் தாய்மார்களிடம் இத்தனை வருடமாக அடித்துவிட்டுக்கொண்டிருந்த அதே அன்பு. அது துளிக்கூட வேலை செய்யவில்லை.

அப்போது பெரியவள் நடுவானைத் தாண்டிச் சாய்ந்து அவள் காதருகே வந்தாள்.

“அத்தை, அம்மா சொன்னாங்க. இன்னைக்கு நீங்க கிள்ள மாட்டீங்களாம். என்ன செஞ்சாலும் கிள்ள மாட்டீங்களாம்.”

அத்தை நிமிர்ந்து பார்த்தாள். முன்னால், பாடகர் வரிசையில், அண்ணி வாயை வட்டமாக வைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். கண் மட்டும் நான்காவது பெஞ்சில் இருந்தது. அப்படியானால் இவளுக்கு எல்லாம் தெரியும். குளிப்பாட்டும்போது பார்க்காமலா இருப்பாள்? இத்தனை காலமும் தன் பிள்ளைகளின் தொடையில் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, பிள்ளைகள் அமைதியாக இருக்கிறார்கள், பாட்டு தடையில்லாமல் போகிறது என்று பேசாமல் இருந்திருக்கிறாள். பெற்றவள். அத்தை செய்தது கொடுமை என்றால் இதற்கு என்ன பெயர் வைப்பது? அத்தைக்கு அழுகை வரவில்லை. எரிந்தது.

நடுவானைக் காணோம். பெஞ்சுக்கு அடியில் எட்டிப் பார்த்தால், அவன் பின்வரிசைக் கால்களுக்கு நடுவில் தவழ்ந்து, நடைபாதையைக் கடந்து, கண்ணாடிக்காரரின் காலடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தான். போயும் போயும் அவரிடமா! அவருடைய ஷூ நாடாவை அவிழ்த்து இழுத்துக்கொண்டிருந்தான். அத்தை பாதி எழுந்தாள். அதற்குள் அவர் குனிந்து, சிரித்த முகமாக, அவனைத் தூக்கி நிறுத்தி, பிடரியில் கையை வைத்து, மெல்ல நடத்திக்கொண்டு வந்தார். நடுவான் வெளிறிப்போய், வாயைத் திறக்காமல் வந்து உட்கார்ந்தான். பிடரியைத் தேய்த்துக்கொண்டான். இனி அவன் ஆராதனை முடியும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்று அத்தைக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவளுக்கு அப்போது மனசில்லை.

“பரவாயில்லைங்க, சின்னப் பசங்க” என்றார் அவர், தாழ்ந்த குரலில். கோபமே இல்லை. “நீங்க ஒரு சத்தம்கூடப் போடலை. பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்.” பிறகு கொஞ்சம் தயங்கி, “எம் பொண்ணும் உங்ககூடக் கொஞ்ச நேரம் உட்காரட்டுமா?” என்றார்.

அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. பிடித்துப்போயிற்று! இத்தனை அமர்க்களத்துக்குப் பிறகும் பிடித்துப்போயிற்று. அவர் விரலைக் காட்டியதும் அந்தப் பெண் எழுந்து வந்து, காட்டிய இடத்தில், அத்தைக்கும் நடுவானுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பெஞ்சில் கால் எட்டவில்லை, தொங்கியது, ஆனால் ஆடவில்லை. அத்தை அவள் தலையைத் தடவினாள். தடவுகிற கை வருவதைப் பார்த்ததும் அந்தப் பெண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பிறகு திறந்தாள். அத்தை முன்னால் நிமிர்ந்து அண்ணியை நேருக்கு நேர் பார்த்தாள். அண்ணி ஒரு வரியைத் தவறவிட்டு, பக்கத்துப் பாடகியின் புத்தகத்தில் தேடினாள். அத்தையின் வாழ்க்கையில் இவ்வளவு ருசியான கணம் வந்ததில்லை. சொந்தச் சமையலறையில் எந்தப் பக்கம் அலமாரி வைக்கலாம் என்பது வரைக்கும் அவள் போய்விட்டாள். மாலையில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். யாராவது வந்தால் தட்டித்தான் ஆக வேண்டும்.

பிரசங்கம் முடிந்து நீண்ட ஜெபம் தொடங்கியது. எல்லாரும் எழுந்து நின்று, பிறகு உட்கார்ந்து, தலை குனிந்து கண்ணை மூடினார்கள். எழுந்து உட்கார்கிற அந்தச் சலசலப்பில் பெஞ்சில் யார் யாரோ நகர்கிற மாதிரி இருந்தது. “நீ இங்க வா, நீ அங்க போ” என்று பெரியவள் குசுகுசுத்தது காதில் விழுந்தது. அத்தை கண்ணைத் திறக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஜெபத்தில் கண்ணைத் திறக்கக் கூடாது. நோயாளிகளுக்காகவும், பயணம் செய்கிறவர்களுக்காகவும், தனிமையில் இருக்கிறவர்களுக்காகவும் போதகர் வேண்டிக்கொண்டிருந்தார். அத்தை தனக்காக வேண்டிக்கொண்டாள். இது ஒன்றைக் கொடு, வேறு எதையும் கேட்க மாட்டேன் என்று சிறுபிள்ளை போல வேண்டிக்கொண்டாள்.

டொக்.

முன்பெஞ்சின் முதுகில் ஒரு சின்னக் கால் உதைக்கிற சத்தம். டொக், டொக். சும்மா இருக்கும்போது அது ஒரு சத்தமே இல்லை. அந்த மௌனத்தில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி கேட்டது. கடைக்குட்டிதான், வேறு யார்? முன்பெஞ்சுக்காரி உச்சுக்கொட்டினாள். டொக், டொக், டொக். யாரோ தொண்டையைச் செருமினார்கள். முன்னால் அண்ணி சிரித்துக்கொண்டிருப்பாள், கண்ணை மூடிய நிலையிலும் அத்தைக்கு அது தெரிந்தது. இவள் பெற்றதுதானே உதைக்கிறது! எல்லாம் கூடிவருகிற நேரத்தில், கடைசிக் கால் மணி நேரத்தில், கெடுக்கிறாள் பார். டொக். காலையிலிருந்து மடக்கி வைத்திருந்த கை, அவள் சொல்லாமலேயே, பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் வலப்பக்கமாகப் போனது. அகப்பட்ட தொடையைப் பிடித்தது. மற்ற வாரங்களில் கொஞ்சமாகப் பிடிக்கிற சதையை இன்று முழுசாகப் பிடித்தது. காலுறை, மிட்டாய், காதில் சொன்ன ரகசியம், சத்திரம் என்ற அந்தப் பழைய சொல், எல்லாவற்றையும் சேர்த்து, திருகியது. விட மனசு வராமல் இன்னும் ஒரு சுற்றுத் திருகியது.

டொக், டொக் என்றது இடப்பக்கம்.

அத்தை கண்ணைத் திறந்தாள். வலப்பக்கம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தது கண்ணாடிக்காரரின் பெண். கடைக்குட்டி இடப்பக்கம் நடுவானின் மேல் சாய்ந்துகொண்டு ஆனந்தமாக உதைத்துக்கொண்டிருந்தாள். இருவரையும் இடம் மாற்றி வைத்த பெரியவள், கண்ணை மூடாமல், என்ன நடக்கப்போகிறது என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையின் கை எந்தப் பக்கம் போகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

அலறப்போகிறாள் என்று அத்தை காத்திருந்தாள். இதோ, இப்போது, இந்த மௌனத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு அலறல், எல்லாக் கண்களும் திறக்கும், அவர் எழுந்து வருவார், எல்லாம் முடிந்தது. அந்தக் கணத்திலேயே அவள் மனசில் சமையலறையும் கதவும் போய்விட்டன.

அலறல் வரவில்லை.

மூச்சுக்கூட வரவில்லை. அந்தப் பெண்ணின் கண் நிறைந்து தளும்பியது, ஆனால் அவள் இமைக்கவில்லை. இமைத்தால் கண்ணீர் விழும், விழுந்தால் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வாயை மூடி, மூக்கால் மெல்ல, சத்தமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டாள். நடுவானும் பெரியவளும் எத்தனையோ மாதம் படித்தும், கிள்ளினால் இன்றைக்கும் ஒரு சின்ன ‘ம்’ வந்துவிடும். இவளிடம் அந்த ‘ம்’ இல்லை. இவளை யாரோ அத்தையைவிட நன்றாகப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பெண் திரும்பி, அத்தையைப் பார்க்காமல், அவள் தோளைப் பார்த்துக்கொண்டு, காற்றைவிட மெதுவான குரலில் சொன்னாள்.

“இனிமே ஆட மாட்டேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க.”

அவள் ஆடவே இல்லை. அத்தை அவள் கவுனின் ஓரத்தை ஒரு விரலால் கொஞ்சம் விலக்கினாள். தன் விரல் பதிந்த சிவப்பைப் பார்க்கத்தான் விலக்கினாள். அதைச் சுற்றி வேறு தடங்களும் இருந்தன. சில மஞ்சள், சில பச்சை, ஒன்று இன்னும் ஊதா. அத்தைக்கு இந்த நிறங்கள் தெரியும், எது எத்தனை நாளைக்கு முந்தியது என்று பார்த்தவுடன் சொல்வாள். அவளுடைய விரலைவிடத் தடித்த விரல். அவள் தேர்ந்தெடுத்து வைத்திருந்த அதே இடம். கவுனை இழுத்து மூடினாள். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பின்னால் அவர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருப்பார்.

ஆசீர்வாதம் முடிந்ததும் எல்லாரும் வாசலில் கூடினார்கள். மேசையில் தேநீரும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். பாஸ்டரம்மா முகமெல்லாம் பல்லாக வந்து, அண்ணனையும் அண்ணியையும் அத்தையையும் ஒரு ஓரமாகச் சேர்த்தாள். கண்ணாடிக்காரர் நிதானமாக வந்தார். அவர் கை மகளின் பிடரியில் இருந்தது.

“இத்தனை பேர் முன்னாடி சொல்றதுக்கு என்ன, எனக்குச் சம்மதங்க” என்றார். “அவ்வளவு சேட்டையிலயும் இவங்க முகம் மாறலை. எம் பொண்ணு இவங்க பக்கத்துல உட்கார்ந்து வாயே திறக்கலை, பார்த்தீங்கள்ல? பிள்ளைன்னா அப்படித்தான் வளரணும். எனக்கு வீட்டுல சத்தம் ஆகாது. இவங்களுக்கு அது தெரியும்னு பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு.”

அண்ணியின் முகம் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. பிறகு, “எங்க வீட்டு விளக்கையே கூட்டிட்டுப் போறீங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கண்ணீர் நிஜம். அடுத்த ஞாயிறு யார் பெஞ்சில் உட்காருவது என்ற கவலைக் கண்ணீர்.

“நீ என்னம்மா சொல்றே?” என்றார் அண்ணன். இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அத்தை வாயைத் திறந்தாள். இந்த ஆள் தன் பிள்ளையைக் கிள்ளுகிறார் என்று சொல்ல வேண்டும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். தொடையைப் பார்த்தேன் என்றால், எதற்குப் பார்த்தாய் என்பார்கள். கவுனைத் தூக்கிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் மேலே, சிவக்கச் சிவக்க, புதுசாக இருப்பது அவளுடையது. அண்ணி அதை ஊருக்கே காட்டுவாள், தன் மூன்று பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திக் காட்டுவாள். சொல்லாமல் வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம். சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளலாம், சாகிறவரைக்கும். அவள் இல்லாவிட்டாலும் அந்த வீட்டுக்கு யாராவது வருவார்கள். வருகிறவளாவது கிள்ளாதவளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு பெண்ணைக் காப்பாற்றத்தான் போகிறேன் என்று ஒரு எண்ணம் வந்தது. அது பொய் என்று அவளுக்கே தெரிந்தது. நாக்கில் இப்போதும் நின்றுகொண்டிருந்தது அந்தக் கதவின் ருசிதான், அதைத் துப்ப அவளால் முடியவில்லை.

“அண்ணன் இஷ்டம்” என்றாள்.

பாஸ்டரம்மா கைதட்டினாள். அண்ணன் கண்ணாடிக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். யார் யாரோ வந்து வாழ்த்தினார்கள். “பார்த்தீங்களா, பொறுமைக்குப் பலன்” என்றாள் பச்சைக் குழந்தைக்காரி ஒருத்தி.

“போ, புது அம்மா கையைப் பிடிச்சுக்கோ” என்று கண்ணாடிக்காரர் பிடரியிலிருந்து கையை எடுத்தார்.

அந்தப் பெண் வந்தாள். கொஞ்சம் நொண்டினாள், நொண்டுவது தெரியாதபடி நொண்டினாள். அத்தை கையை நீட்டினாள். அந்தப் பெண் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்தாள். முழுக்கையைப் பிடிக்கவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, ஒன்றாகச் சேர்த்து, தன் சின்னக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். பாஸ்டரம்மா பிஸ்கட் தட்டை நீட்டினாள். இடக்கையால் ஒன்றை எடுத்துக்கொண்டாள். யாரோ தேநீர்க் கோப்பையை அத்தையிடம் நீட்டினார்கள், வாங்குவதற்காக அத்தை கையை மெல்ல இழுத்தாள். அந்தப் பெண் பிஸ்கட்டை மென்றுகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், பிடியை இன்னும் இறுக்கினாள்.